ஃபிலிம் இன்ஸ்டிடியூட்டில் படிக்கப் பணம் புரட்டுவது எப்படி? உதவித்தொகை, கல்விக் கடன், பகுதிநேர வேலை: முழுமையான வழிகாட்டி

இடம் கிடைத்த கடிதம் வந்த அன்று அப்பா கேட்ட முதல் கேள்வி, "மொத்தம் எவ்வளவுப்பா ஆகும்?" என்பதுதான். கடிதத்தில் போட்டிருந்த கட்டணத்தைப் படித்துக் காட்டினேன். மூன்று வருஷம் கழித்து நோட்டைப் புரட்டிக் கூட்டிப் பார்த்தபோது, கட்டணத்துக்குப் போனதைவிட மற்றதுக்குப் போனது அதிகமாக இருந்தது. அந்த 'மற்றது' என்னவென்று முன்கூட்டியே யாராவது உட்கார்த்தி வைத்துச் சொல்லியிருந்தால் கால்வாசிக் கடனையாவது தவிர்த்திருப்பேன். இப்போது எடிட்டராக இருக்கிறேன். ஊர்ப் பக்கத்திலிருந்து பிள்ளைகள் அடிக்கடி போன் செய்து இதையே கேட்கிறார்கள். அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

இதில் வரிசைதான் முக்கியம். முதலில் கட்டணம் குறைந்த இடத்தைத் தேடுங்கள். அடுத்து, திருப்பித் தர வேண்டாத பணத்தைத் தேடுங்கள். மிச்சத்துக்கு மட்டும் கடன் வாங்குங்கள். படிக்கும்போது வேலை செய்வதாக இருந்தால், அந்த வருமானத்தை அந்தக் கடனின் வட்டிக்குக் கொடுங்கள். நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். விளம்பரம் பார்த்துப் பள்ளியை முடிவு செய்கிறார்கள், கடன் வாங்குகிறார்கள், சேர்ந்த பிறகு உதவித்தொகை கிடைக்குமா என்று கேட்கிறார்கள். இன்ஜினியரிங் முடித்தவனுக்குச் சம்பளம் மாதாமாதம் வரும். சினிமாவில் முதல் இரண்டு மூன்று வருஷம் வருமானம் வரும் மாதமும் உண்டு, வராத மாதமும் உண்டு. வங்கித் தவணை மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கும்.

படி 1: முழுச் செலவையும் ஒரே தாளில் எழுதுங்கள்

ஒரு முழுத்தாளை எடுத்து மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் நிறுவனத்துக்குக் கட்டுவது எல்லாம்: கல்விக் கட்டணம், முன்வைப்புத் தொகை, விடுதி, தேர்வுக் கட்டணம். கட்டணம் ஆண்டுதோறும் ஏறுமா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். புனேயிலும் கொல்கத்தாவிலும் உள்ள மத்திய அரசுத் திரைப்பட நிறுவனங்களில் மாணவர்கள் 2019 டிசம்பரில் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஆண்டுக்கு 10 சதவீதக் கட்டண உயர்வையும் நுழைவுத்தேர்வுக் கட்டணம் எகிறியதையும் எதிர்த்துத்தான் அந்தப் போராட்டம். 10 சதவீதம் என்றால் முதல் வருஷம் 1,00,000 ரூபாய், மூன்றாம் வருஷம் 1,21,000 ரூபாய். மூன்று லட்சம் என்று நினைத்துப் போனால் 3,31,000 ஆகிவிடும்.

இரண்டாவது கட்டம், நீங்கள் உயிர் வாழ ஆகும் செலவு. மெஸ், அறை வாடகை, பஸ், போன், ஊருக்குப் போய் வருவது. இதை யாரும் மறப்பதில்லை.

மூன்றாவது கட்டத்தில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். அது படம் எடுக்கும் செலவு. நுழைவுத்தேர்வு எழுதப் போகும்போதே விசாரியுங்கள்: பயிற்சிப் படங்களுக்கும் இறுதியாண்டு டிப்ளமோ படத்துக்கும் பணம் யாருடையது? புனே, கொல்கத்தா நிறுவனங்களில் கேமரா, ஸ்டுடியோ, எடிட்டிங் அறை, படத்துக்கான பட்ஜெட் எல்லாம் நிறுவனமே தருகிறது. தனியார் பள்ளிகள் பலவற்றில் கருவி மட்டும் கிடைக்கும், மற்ற செலவு உங்கள் தலையில். என் நண்பன் ஒருவன் அப்படி ஒரு தனியார் பள்ளியில் படித்தான். அவனுடைய டிப்ளமோ படத்துக்காக அவன் அம்மாவின் வளையல்கள் அடகுக்குப் போயின. சேரும்போது கொடுத்த கையேட்டில் அந்தச் செலவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

சின்ன மாணவர் படத்தில் பெரிய செலவு கேமரா என்று நினைப்பீர்கள். சாப்பாடுதான் பெரிய செலவு. பதினான்கு பேர் கொண்ட யூனிட் என்று வையுங்கள். காலை டிபன், மதியச் சாப்பாடு, இரண்டு வேளை டீ, இரவு ஷூட்டிங் நீண்டால் புரோட்டா. ஒரு ஆளுக்கு நாளைக்கு 250 ரூபாய் போட்டால் 3,500. நான்கு நாள் படப்பிடிப்புக்கு 14,000. இதில் வேன் வாடகையும் நடிக்க வந்தவருக்கு ஆட்டோ காசும் சேரவில்லை. கூடவே ஹார்ட் டிஸ்க் இரண்டு, ஏனென்றால் ஃபுட்டேஜ் எப்போதும் இரண்டு பிரதியாக இருக்க வேண்டும். நல்ல ஹெட்போன் ஒன்று, ஓரளவு வேகமான லேப்டாப் ஒன்று. இவை எல்லாவற்றையும் இந்தக் கட்டத்தில் எழுதுங்கள்.

மூன்று கட்டத்தையும் கூட்டினால் வருவதுதான் உங்கள் உண்மையான தொகை. வீட்டில் இந்தத் தாளை வைத்துத்தான் பேச வேண்டும்.

படி 2: பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போதே பணத்தை மிச்சம் பிடியுங்கள்

நம் ஊரில் முதலில் பார்க்க வேண்டியது சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம். 1945இல் பாலிடெக்னிக்கின் ஒரு பிரிவாகத் தொடங்கியது. பி.சி. ஸ்ரீராம் படித்த இடம். இப்போது அங்கே ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம், அனிமேஷன் போன்றவற்றை நான்காண்டுக் காட்சிக்கலைப் பட்டப்படிப்பாக நடத்துகிறார்கள். தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த படிப்பு. கட்டணம் தனியாரோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. இடங்கள் கொஞ்சம்தான், போட்டி பலம். 'பல்கலைக்கழகத்தோடு இணைந்த பட்டம்' என்பதையும் மனதில் வையுங்கள். அரசு உதவித்தொகையின் கதவு திறப்பதும் வங்கிக் கதவு திறப்பதும் இந்த ஒரு வரியில்தான்.

அடுத்தது 1960இல் புனேயில் தொடங்கிய திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனமும் 1995இல் கொல்கத்தாவில் தொடங்கிய சத்யஜித் ராய் நிறுவனமும். இரண்டும் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் கீழ் இருக்கின்றன. இயக்கம், ஒளிப்பதிவு, எடிட்டிங் போன்ற மூன்றாண்டுப் படிப்புகளுக்குப் பட்டம் முடித்திருக்க வேண்டும். பெரும்பாலான பிரிவுகளுக்கு எந்தப் பட்டமாக இருந்தாலும் போதும். அதனால் வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அரசுக் கலைக் கல்லூரியில் குறைந்த கட்டணத்தில் ஒரு பட்டம் முடியுங்கள். தமிழ் இலக்கியமோ வரலாறோ இயற்பியலோ எதுவானாலும் சரி, அது படத்துக்கு உதவும். அந்த மூன்று வருஷத்தில் நுழைவுத்தேர்வுக்குத் தயாராகுங்கள். ஒரு துறைக்கு பத்துப் பன்னிரண்டு இடங்கள்தான் இருக்கும். முதல் முறை கிடைக்காமல் போனால் மனம் விட வேண்டாம். இரண்டாவது, மூன்றாவது முயற்சியில் சேர்ந்தவர்கள் நிறையப் பேரை எனக்குத் தெரியும்.

கட்டணமே இல்லாத வழியும் உண்டு. இயக்குநர் வெற்றிமாறன் சென்னையில் தொடங்கிய பன்னாட்டுத் திரை, பண்பாடு ஆய்வகம், பின்தங்கிய சூழலிலிருந்தும் முதல் தலைமுறைப் பட்டதாரிக் குடும்பங்களிலிருந்தும் வருபவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தருகிறது. அறிவிப்பு வரும்போது தவறவிடாதீர்கள். மூன்று வருஷம் முழுதாகச் செலவழிக்க முடியாதவர்கள், புனே நிறுவனம் 2017 முதல் பல ஊர்களில் நடத்திவரும் குறுகிய காலப் பயிற்சிகளைப் பாருங்கள். சில வாரப் பயிற்சி முழுப் படிப்புக்கு ஈடாகாது. ஆனாலும் இந்தத் துறை நமக்குச் சரிப்படுமா என்று தெரிந்துகொள்ள அது போதும். பத்து லட்சம் கட்டிய பிறகு தெரிந்துகொள்வதைவிட இது நல்லது.

தனியார் பள்ளிகளில் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. மும்பையில் பெயர்பெற்ற பள்ளிகளில் முழுப் படிப்புக்குப் பல லட்சம் ஆகும். அங்கே சேர்வதாக இருந்தால் மூன்றை எழுத்தில் வாங்குங்கள்: படிப்பு எந்தப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம் பெற்றது, இடையில் விலகினால் எவ்வளவு திருப்பித் தருவார்கள், தகுதி அடிப்படையில் கட்டணச் சலுகை உண்டா. கடைசியை வாய்விட்டுக் கேட்டால்தான் தருவார்கள். தவணையாகக் கட்ட அனுமதியும் அப்படித்தான்.

படி 3: திருப்பித் தர வேண்டாத பணம்

உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் முன் கையில் நான்கு தயாராக இருக்க வேண்டும்: வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரியாக இருந்தால் அதற்கான சான்று, ஆதார் இணைந்த வங்கிக் கணக்கு. சான்றுகளை இ-சேவை மையத்தில் பதியலாம். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. பார்த்து, தாசில்தார் கையெழுத்தாகி வர நாளாகும். சேர்க்கை நேரத்தில் ஓடாமல், பிளஸ் டூ தேர்வோ டிகிரித் தேர்வோ முடிந்த வாரத்திலேயே போட்டுவிடுங்கள்.

வங்கிக் கணக்கு விஷயத்தில் நான் ஏமாந்திருக்கிறேன். கணக்கில் ஆதார் எண்ணைக் கொடுத்தாயிற்று, வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். உதவித்தொகை வரவே இல்லை. நான்கு மாதம் அலைந்த பிறகுதான் விளங்கியது. அடையாளத்துக்காக ஆதாரைக் கொடுப்பது ஒன்று, அரசுப் பணம் வந்து சேர அந்தக் கணக்கை ஆதாரோடு 'சீடிங்' செய்வது வேறொன்று. ஒருவருக்குப் பல கணக்கு இருந்தாலும் ஒன்றில்தான் சீடிங் இருக்க முடியும். என்னுடையது, பள்ளியில் படிக்கும்போது திறந்து மறந்துபோன ஒரு கணக்கில் கிடந்தது. கிளையில் போய், "நேரடி மானியம் வர சீடிங் ஆகியிருக்கா?" என்று இந்த வார்த்தையிலேயே கேளுங்கள்.

இனி எங்கே விண்ணப்பிப்பது என்று பார்ப்போம்.

பட்டியலின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான) உதவித்தொகை இருப்பதிலேயே வலுவானது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். திருப்பித் தரப்படாத கட்டாயக் கட்டணங்களோடு பராமரிப்புத் தொகையும் கிடைக்கும். வெளி மாநிலத்தில் படித்தாலும் சொந்த மாநிலம்தான் தர வேண்டும் என்பது இதில் பலருக்குத் தெரியாத செய்தி. புனேயில் படிக்கும் தமிழ்நாட்டு மாணவர் தமிழ்நாட்டு ஆதிதிராவிடர் நலத்துறை வழியாகப் பெறலாம். மாவட்ட அலுவலகத்துக்கு நேரில் போய், சேர்க்கைக் கடிதத்தைக் காட்டி, என்னென்ன தாள் வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்கு மாநில அரசின் உதவித்தொகை தனியாக உண்டு. அதற்கும் வருமான வரம்பு 2.5 லட்சம்தான்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்துவிட்டுத் தமிழ்நாட்டுக் கல்லூரியில் சேரும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. ஆண்களுக்கு அதே தொகை தமிழ்ப் புதல்வன் திட்டத்தில், 2024 ஆகஸ்டிலிருந்து. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் இந்த இரண்டிலும் வருவார்கள். வேறு உதவித்தொகை வாங்கினாலும் புதுமைப்பெண் பணம் நிற்காது. மாதம் ஆயிரம்தானே என்று விட்டுவிடாதீர்கள். நான்கு வருஷத்தில் அது 48,000 ரூபாய். கடன் வட்டி பற்றிப் பேசும்போது இந்தத் தொகையின் அருமை புரியும்.

மத்திய அரசின் தேசிய உதவித்தொகைத் தளத்தில் ஒருமுறைப் பதிவு செய்து வையுங்கள். அதில் கல்லூரி மாணவர்களுக்கான திட்டம் ஒன்று இருக்கிறது. பிளஸ் டூ மதிப்பெண்ணில் தங்கள் பாடப்பிரிவில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்தவர்கள், குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம். இளநிலையில் ஆண்டுக்கு 12,000 ரூபாய், முதுநிலையில் 20,000. முறையான பட்டப்படிப்புக்கு மட்டும்தான், டிப்ளமோவுக்குக் கிடையாது. படி 2இல் 'பல்கலைக்கழகத்தோடு இணைந்த பட்டம்' என்பதை மனதில் வைக்கச் சொன்னதன் காரணம் இதுதான்.

இதோடு சாதிச் சங்க அறக்கட்டளைகள், ஊர் அறக்கட்டளைகள், கோயில் அறக்கட்டளைகள் இருக்கின்றன. ஆண்டுக்கு ஐந்தாயிரம், பத்தாயிரம் என்று தருவார்கள். "சினிமா படிக்கவா?" என்று முகத்தைச் சுளிப்பவர்களும் உண்டு. விண்ணப்பத்தில் 'ஒலிப்பொறியியல் சார்ந்த பட்டப்படிப்பு', 'காட்சிக்கலைப் பட்டம்' என்று படிப்பின் முறையான பெயரை எழுதுங்கள். அது பொய் அல்ல, சான்றிதழில் இருக்கப்போகும் பெயரே அதுதான்.

புதுப்பிப்பதை மறக்க வேண்டாம். பெரும்பாலான உதவித்தொகைகள் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியவை. வருகைப்பதிவும் தேர்ச்சியும் பார்ப்பார்கள். ஷூட்டிங் என்று வகுப்பைத் தள்ளினால் இரண்டாம் வருஷப் பணம் போய்விடும்.

படி 4: வங்கிக்குப் போவது

பொதுத்துறை வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தின் அமைப்பு இது. 4 லட்சம் வரை உங்கள் பங்கு எதுவும் போட வேண்டாம். அதற்கு மேல் உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதம், வெளிநாட்டுக்கு 15 சதவீதம் நீங்கள் போட வேண்டும். உதவித்தொகையையே அந்தப் பங்காகக் காட்டலாம். 7.5 லட்சம் வரை மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி இருப்பதால் சொத்து ஈடு தேவையில்லை, பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட்டால் போதும். அதைத் தாண்டினால் வீட்டுப் பத்திரம் கேட்பார்கள். படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம். பிறகு 15 வருஷம் வரை அவகாசம். எல்லாமே அங்கீகாரம் பெற்ற படிப்புக்குத்தான்.

7.5 லட்சத்தை நான் ஒரு கோடாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். சினிமாப் படிப்புக்காக வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கும் நிலை வந்தால், பள்ளியை மாற்ற வேண்டும் என்று அர்த்தம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். மூன்று வருஷம், வருஷத்துக்கு 1.5 லட்சம், மொத்தம் 4.5 லட்சம் கடன். வட்டி 10 சதவீதம். தவணை தொடங்கும் வரை தனிவட்டி ஓடும். முதல் வருஷப் பணத்துக்கு நான்கு வருஷ வட்டி 60,000. இரண்டாவதுக்கு மூன்று வருஷம், 45,000. மூன்றாவதுக்கு இரண்டு வருஷம், 30,000. மொத்த வட்டி 1,35,000. தவணை தொடங்கும் நாளில் உங்கள் கடன் 5,85,000. பத்து வருஷத்தில் அடைக்க மாதம் ஏறக்குறைய 7,730 ரூபாய்.

அந்த வட்டியைப் படிக்கும்போதே மாதாமாதம் கட்டினால்? முதல் வருஷம் மாதம் 1,250, இரண்டாம் வருஷம் 2,500, அடுத்த இரண்டு வருஷமும் 3,750. கடன் 4.5 லட்சத்திலேயே நிற்கும், பிறகு மாதத் தவணை ஏறக்குறைய 5,950. மாதம் 1,780 ரூபாய் குறைகிறது, பத்து வருஷத்தில் 2 லட்சத்துக்கு மேல். இப்படிக் கட்டுபவர்களுக்குப் பல வங்கிகள் வட்டியில் 1 சதவீதம் குறைக்கவும் செய்கின்றன. கேட்டு எழுதி வாங்குங்கள். பெண்களுக்குத் தனிச் சலுகை தரும் வங்கிகளும் இருக்கின்றன. இதையே தனியார் பள்ளிக்கு 15 லட்சம் வாங்கிச் செய்தால், வட்டி கட்டாமல் விட்ட நிலையில் மாதத் தவணை 25,700ஐத் தாண்டும். உதவி இயக்குநராக முதல் படத்தில் கிடைக்கும் சம்பளத்தைக் கேட்டுப் பார்த்துவிட்டு இந்த எண்ணைத் திரும்பப் படியுங்கள்.

வட்டி மானியத்தைத் தனியாகக் கேளுங்கள். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தகுதியான நிறுவனத்தில் படிக்கும் தொழிற்படிப்புக்கு, தவணை தொடங்கும் வரை ஓடும் வட்டி முழுவதையும் மத்திய அரசு ஏற்கும் திட்டம் உண்டு. 2024 நவம்பரில் அமைச்சரவை ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், 8 லட்சம் வரை வருமானம் உள்ள குடும்பங்களுக்கு 10 லட்சம் வரையான கடனுக்கு 3 சதவீத வட்டி மானியம். இது பட்டியலில் உள்ள உயர்தர நிறுவனங்களுக்குத்தான், தொடக்கத்தில் 860. உங்கள் நிறுவனத்தின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்பதைச் சேரும் முன் பாருங்கள். இதே பெயரில் முன்பே வந்த வித்யாலட்சுமி தளம் வேறு, அது பல வங்கிகளுக்குக் கல்விக் கடன் விண்ணப்பம் அனுப்புவதற்காக வந்த இணையதளம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கிளைக்குப் போகும்போது நிறுவனத்திடமிருந்து கட்டண விவரக் கடிதம் வாங்கிப் போக வேண்டும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கல்விக் கடனில் கல்விக் கட்டணம் மட்டுமில்லாமல் விடுதி, லேப்டாப், கருவிகள், ப்ராஜெக்ட் வேலை ஆகியவையும் அடங்கும். கருவி, ப்ராஜெக்ட் போன்றவற்றுக்கு மொத்தக் கல்விக் கட்டணத்தில் 20 சதவீதம் வரை பல வங்கிகள் ஒப்புக்கொள்கின்றன. டிப்ளமோ படத்தின் செலவு 'ப்ராஜெக்ட்' என்ற தலைப்பில் அந்தக் கடிதத்திலேயே இருக்க வேண்டும். முதல் வருஷம் ஒப்புதல் ஆன பிறகு மூன்றாம் வருஷம் போய்ச் சேர்க்கச் சொன்னால் நடக்காது. நிறுவன அலுவலகத்தில் உள்ளவர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். பக்குவமாக எடுத்துச் சொல்லி எழுதி வாங்குங்கள்.

மேலாளர் கேட்கும் கேள்வி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "சினிமாவுக்குப் படிச்சுட்டு எப்படித் தம்பி கட்டுவ?" நான் இயக்குநர் ஆவேன் என்று சொன்னேன். அவர் ஃபைலை மூடிவிட்டார். இரண்டாவது முறை வேறொரு கிளைக்குப் போனபோது ஒரு தாள் எழுதிப் போனேன். என் பிரிவில் படித்தவர்கள் எந்தெந்த வேலையில் இருக்கிறார்கள் என்று சீனியர்களிடம் கேட்டு எழுதியது: செய்திச் சேனலில் எடிட்டர், விளம்பரப் பட நிறுவனம், டப்பிங் ஸ்டுடியோ, கலர் கிரேடிங், ஓடிடி நிறுவனங்களுக்கு டிரெய்லர் வெட்டுபவர். பக்கத்தில் மாதத் தவணைக் கணக்கு. அந்த மேலாளர் அம்மா தாளை இரண்டு முறை படித்தார், சேர்க்கைக் கடிதம் கேட்டார். கனவை அங்கே விவரிக்க வேண்டாம், வேலையை விவரியுங்கள்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மாதிரித் திட்டப்படி, மேலதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் கிளையில் கல்விக் கடன் விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாது. அடுத்து மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரைப் பாருங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். மாவட்ட நிர்வாகம் நடத்தும் கல்விக் கடன் முகாம்களுக்குப் போங்கள், அங்கே பல வங்கிகள் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். வங்கிக்குப் புகார் எழுதி 30 நாள் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே முறையிடலாம்.

கடன் ஒப்புதல் தாமதமாகும், கட்டணத் தேதி தாமதிக்காது. முதல் தவணைக் கட்டணத்துக்கான பணத்தை எப்படியாவது வீட்டில் ஒதுக்கி வையுங்கள். கந்து வட்டிக்கும், ஐந்து நிமிடத்தில் கடன் தரும் ஆப்களுக்கும் தயவுசெய்து போக வேண்டாம்.

படி 5: படிக்கும்போது வேலை, வட்டிக்காக

மாதம் 1,250இலிருந்து 3,750 வரை. இதுதான் உங்கள் இலக்கு. இதைப் படிப்பு கெடாமல் சம்பாதிக்க முடியும். முழுக் கட்டணத்தையும் வேலை செய்தே கட்டுகிறேன் என்று இறங்கியவர்கள் என் வகுப்பிலும் இருந்தார்கள். இரண்டு பேர் படிப்பை முடிக்கவில்லை.

எனக்குக் கைகொடுத்தது கல்யாண வீடியோ எடிட்டிங். ஊர் ஸ்டுடியோக்காரர் ஒருவர் ஒரு கல்யாணத்துக்கு 4,000 ரூபாய் தருவார். மூன்று கேமரா ஃபுட்டேஜ், தனித்தனி ஒலி, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பொருத்த உதவும் கிளாப் கிடையாது. முதல் நாள் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது. அப்புறம் ஒன்று பிடிபட்டது. தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் கொட்டும்போது, மூன்று டிராக்கிலும் ஒலி அலை ஒரே இடத்தில் சுவர்போல எழும்பி நிற்கும். அந்த முதல் தவிலடியை மூன்றிலும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தால் மீதிக் கல்யாணம் முழுதும் தானாக ஒத்துப்போகும். பல கேமரா எடிட்டிங்கை வகுப்பில் நடத்திய அன்று எனக்கு அது பழக்கமான வேலையாக இருந்தது. முகூர்த்த மாதங்களில் இரண்டு மூன்று கல்யாணம் வரும், ஆடியிலும் மார்கழியிலும் ஒன்றும் வராது. தை, வைகாசியில் வருவதை ஒதுக்கி வைத்து ஆடி மாத வட்டியைக் கட்டினேன்.

படிப்போடு ஒட்டிப் போகும் வேலையாகத் தேடுங்கள். சப்டைட்டில் எழுதுவது, பேட்டிகளைத் தட்டச்சு செய்வது, யூடியூப் சேனலுக்கு வெட்டித் தருவது, டப்பிங் ஸ்டுடியோவில் வார இறுதி உதவியாள் வேலை, பள்ளிப் பிள்ளைகளுக்குப் புகைப்பட வகுப்பு எடுப்பது. சொந்த நிறுவனத்திலேயே கருவிக் கிடங்கிலோ நூலகத்திலோ உதவியாள் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். சீரியலில் உதவி இயக்குநர் வேலை மட்டும் படிக்கும்போது வேண்டாம். காலை ஆறு மணிக்குப் போனால் இரவு ஒன்பது ஆகும், வருகைப்பதிவு போய்விடும், அதோடு உதவித்தொகையும் போகும். பெரிய படப்பிடிப்புகளில் தொழில்நுட்ப வேலைக்குச் சங்க அட்டை கேட்பார்கள் என்பதையும் தெரிந்து வையுங்கள். பெப்சி என்று நாம் சொல்லும் தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனத்தில் ஒவ்வொரு துறைக்கும் தனிச் சங்கம் உண்டு.

வேலைக்கு நான் வைத்திருந்த கட்டுப்பாடுகள்: பாதிப் பணம் முன்பணம். திருத்தம் இரண்டு முறைக்கு மேல் என்றால் தனிக் காசு. "டைட்டிலில் பேர் போடுறோம்" என்பது சம்பளம் ஆகாது. நிறுவனக் கேமராவையோ எடிட்டிங் அறையையோ வெளிவேலைக்குத் தொடவே கூடாது, பிடிபட்டால் படிப்பே போய்விடும். பெரிய நிறுவனங்கள் வரிப் பிடித்தம் செய்துகொண்டுதான் பணம் தரும். வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்ப வாங்கலாம். மாணவர்கள் பலர் இதைச் செய்வதே இல்லை.

படி 6: வெளிநாடு என்றால்

நீளமாக எழுதவில்லை, அது தனிக் கட்டுரை. முழு உதவித்தொகை இல்லாமல் சினிமா படிக்க வெளிநாடு போகாதீர்கள் என்பது என் கருத்து. ஐரோப்பாவில் எராஸ்மஸ் முண்டஸ் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவித்தொகைத் திட்டத்தின் கீழ் திரைப்பட முதுநிலைப் படிப்புகள் நடந்திருக்கின்றன. ஆவணப்படத்துக்கு டாக்நோமாட்ஸ், கதைப்படத்துக்குக் கினோ ஐஸ். அந்த உதவித்தொகை மாதம் 1,400 யூரோ, கட்டணமும் கிடையாது. ஜெர்மனியின் டாட் (DAAD) என்ற கல்விப் பரிமாற்ற அமைப்பு நுண்கலை, வடிவமைப்பு, திரைப்படம் படிப்போருக்கென்றே உதவித்தொகை வைத்திருக்கிறது. பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகை, ஓராண்டு முதுநிலைக்கு முழுச் செலவும் தரும், இரண்டாண்டு வேலை அனுபவம் வேண்டும். வேலை செய்துகொண்டே படிக்கலாம் என்று ஏஜென்ட் சொன்னால் விசாவில் உள்ள நேரத்தைப் பாருங்கள். பிரிட்டனில் வகுப்பு நடக்கும் நாட்களில் பட்டப்படிப்பு மாணவர்களுக்கு வாரம் 20 மணி நேரம்தான்.

படி 7: படிப்பு முடிந்த பிறகு வரும் ஒரு வருஷம்

தவணை தொடங்க ஒரு வருஷம் இருக்கிறது என்று அசந்துவிடாதீர்கள். அந்த வருஷத்தில் சம்பளம் வரும் ஒரு வேலையைப் பிடியுங்கள், சேனலோ விளம்பர நிறுவனமோ எதுவானாலும் பரவாயில்லை. தவணைக்கென்று தனிக் கணக்கு திறந்து, எந்தப் பணம் வந்தாலும் முதலில் அதில் ஒரு பங்கு போடுங்கள். ஆறு மாதத் தவணை அந்தக் கணக்கில் சேர்ந்த பிறகே நான் முதல் படத்தில் உதவி எடிட்டராகச் சேர்ந்தேன். பேட்டா மட்டும் வந்த அந்த ஐந்து மாதமும் வங்கியிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை.

கட்ட முடியாத நிலை வந்தால் தவணை தவறும் முன்பே கிளைக்குப் போய், காலத்தை நீட்டவோ தவணையைக் குறைத்துத் தொடங்கவோ எழுதிக் கேளுங்கள். மூன்று தவணை தவறிவிட்டால் கடன் வாராக்கடன் ஆகிவிடும், கூட்டுக் கடனாளியான அப்பா அம்மாவின் சிபில் ஸ்கோரும் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறார்களா என்று வங்கிகள் பார்க்கும் மதிப்பெண்) சேர்ந்து விழும். தங்கச்சி படிப்புக்கு அவர்கள் கடன் கேட்கப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும். பழைய வரிமுறையில் கணக்குத் தாக்கல் செய்தால், கல்விக் கடனுக்குக் கட்டிய வட்டிக்கு 8 வருஷம் வரை வரிக் கழிவு உண்டு. கையில் மொத்தமாகப் பணம் வந்தால் முன்கூட்டியே அடையுங்கள், கல்விக் கடனுக்கு அதற்கு அபராதம் இல்லை.

கடைசித் தவணை கட்டிய அன்றே 'பாக்கி இல்லை' சான்றை வாங்கிவிடுங்கள். ஒரு மாதம் கழித்து சிபில் அறிக்கையில் அந்தக் கடன் முடிந்ததாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். என்னுடையதில் ஏறியிருக்கவில்லை. சான்றின் நகலோடு இரண்டு முறை கிளைக்கு நடந்த பிறகுதான் ஏறியது.